ஆப் வைத்து கலோரி கணக்கிட்டு எடை குறைப்பது: சேலத்துச் சமையலறைக்கான முழு வழிகாட்டி

கலோரி ஆப்பை இறக்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, இலக்கு எடையை அடித்து, ‘வாரம் 1 கிலோ’ என்று தேர்ந்தெடுத்து, அன்றைக்கே சோற்றைப் பாதியாக்குவது. இரண்டு வாரம் தாங்குவதற்குள் பசியும் சலிப்பும் சேர்ந்து ஆப்பை நீக்க வைத்துவிடும். தவறு அவர்களின் மன உறுதியில் இல்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது. ஆப்பில் இருக்கும் ‘சாம்பார் 1 கிண்ணம்’ யாரோ ஒருவர் வீட்டுச் சாம்பார். உங்கள் வீட்டுப் பாத்திரத்துக்கும் எண்ணெய்க் கைக்கும் ஏற்றபடி ஆப்பை முதலில் தயார் செய்யவேண்டும். குறைப்பது அதற்குப் பிறகுதான். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. மாத்திரை பழைய அளவிலேயே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று கீழே இறங்கும். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் எடை குறையும்போது அளவை மாற்ற வேண்டி வரலாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது ஆகாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் அளவுக்கு முன்பு சிரமப்பட்டவர்கள் ஆகியோர் இதைத் தனியாகத் தொடங்க வேண்டாம்.

எடை குறைக்கத்தான் வேண்டுமா என்பதையும் சரிபாருங்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனால் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று பொருள்.

2. கையில் இருக்க வேண்டியவை

சமையலறைத் தராசு ஒன்று அவசியம். 5 கிலோ வரை தாங்கி, 1 கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு போதும். ‘டேர்’ பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாத்திரத்தை வைத்து அந்தப் பட்டனை அழுத்தினால் எண் பூஜ்யமாகிவிடும், பிறகு போடும் பொருளின் எடை மட்டும் தெரியும். தராசு இல்லாமல் கண் அளவில் தொடங்குவதைவிட, தராசு வாங்கும்வரை காத்திருப்பது நல்லது. சோற்றையும் எண்ணெயையும் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடும்.

ஆள் எடை பார்க்கும் மிஷினைப் பாய்மேலோ மிதியடிமேலோ வைக்காமல் டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் வையுங்கள். மெத்தென்ற தரையில் எண் மாறிமாறிக் காட்டும். இவை தவிர ஒரு தையல் டேப், 5 மி.லி. மற்றும் 15 மி.லி. அளவுக் கரண்டி, ஒரு சின்ன நோட்டு.

3. ஆப்பைத் தேர்ந்து அமைப்பது

ஹெல்திஃபைமி, மைஃபிட்னஸ்பால், ஃபேட்சீக்ரெட், குரோனோமீட்டர் என்று பல இருக்கின்றன. எதை எடுத்தாலும் மூன்று வசதிகளைப் பாருங்கள்: சொந்தமாக ரெசிப்பி ஏற்ற முடிகிறதா, கிராம் கணக்கில் பதிய முடிகிறதா, வாரச் சராசரி காட்டுகிறதா. இந்த மூன்றும் இலவசமாகக் கிடைத்தால் பணம் கட்ட வேண்டிய தேவை இல்லை.

வயது, உயரம், பாலினம், இன்று காலை எடை ஆகியவற்றை உண்மையாகக் கொடுங்கள். ‘நோக்கம்’ என்று கேட்கும் இடத்தில் இப்போதைக்கு ‘எடையை அப்படியே வைத்திருத்தல்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். காரணம் 7-ஆம் படியில் வரும்.

‘உழைப்பு அளவு’ கேட்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மாலையில் உடம்பு அசந்துபோகும், அதனால் ‘கடும் உழைப்பு’ என்று போட்டுவிடுவார். அசதி வேறு, கலோரிச் செலவு வேறு. பட்டறை, பேங்க், தையல் மிஷின், லாரி ஸ்டியரிங் எல்லாமே உட்கார்ந்த வேலை, குறைந்த அளவுதான். விசைத்தறியில் நின்று நடந்து வேலை செய்பவர், வீட்டு வேலை முழுவதையும் கையால் செய்பவர் ஆகியோருக்கு ‘லேசான உழைப்பு’ பொருந்தும்.

ஸ்டெப்ஸ் கணக்கை ஆப்போடு இணைக்கும் வசதியை அணைத்துவையுங்கள். இணைத்தால், நடந்ததற்கு இத்தனை கலோரி என்று சாப்பாட்டுக் கணக்கில் கூட்டிக் கொடுக்கும். உழைப்பு அளவில் ஏற்கெனவே சேர்ந்த நடை இரண்டாம் முறை சேர்ந்துவிடும்.

4. கரண்டியையும் டம்ளரையும் அளந்துவைப்பது

இது அரை மணி நேர வேலை, ஒருமுறை செய்தால் போதும். வீட்டில் தினமும் புழங்கும் குழிக்கரண்டி, காபி டம்ளர், அரிசி அளக்கும் டம்ளர், எண்ணெய்க் கரண்டி ஆகியவற்றைத் தராசில் வைத்து டேர் செய்து, தண்ணீரால் நிரப்புங்கள். 1 கிராம் தண்ணீர் 1 மி.லி. என்பதால் கொள்ளளவு நேரடியாகத் தெரியும். அரிசி டம்ளரை மட்டும் அரிசியாலேயே நிரப்பிப் பாருங்கள்.

அடுத்து, சமைக்கும் பாத்திரங்களின் காலி எடையை நோட்டில் எழுதுங்கள். குக்கர் உள்பாத்திரம், குழம்புச் சட்டி, வடச்சட்டி, இட்லி மாவுத் தூக்கு எல்லாவற்றுக்கும். பிறகு சமைத்ததை வேறு பாத்திரத்தில் கொட்டி அளக்க வேண்டியதில்லை, மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் ஆயிற்று. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேராகத் தராசில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் இளகும், உள்ளே இருக்கும் சென்சார் கெடும். மரப்பலகை ஒன்றை இடையில் வைத்து டேர் செய்துகொள்ளுங்கள். பெரிய குக்கர் சோற்றோடு சேர்ந்து 5 கிலோவைத் தாண்டக்கூடும், அப்போது இரண்டு பகுதியாக அளக்க வேண்டியதுதான்.

5. வீட்டுச் சமையலை ரெசிப்பியாக ஏற்றுவது

மொத்த வேலையில் இதுதான் உயிர்ப் பகுதி. ஒவ்வொரு வீட்டிலும் சுழன்று சுழன்று வருவது பதினைந்து இருபது பதார்த்தங்கள்தான். அவற்றை ஒவ்வொன்றாகச் சமைக்கும் நாளில் ஏற்றிவிட்டால், பிறகு தினமும் சில நிமிட வேலை.

முறை எளிது. அடுப்பில் ஏற்றும் ஒவ்வொரு பொருளையும் பச்சையாக, சமைக்கும் முன் எடை போட்டு ரெசிப்பியில் சேர்க்கவேண்டும். சமைத்து முடித்ததும் மொத்த எடையைப் பார்க்கவேண்டும். மொத்தக் கலோரியை அந்த எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால், 100 கிராமுக்கு எத்தனை என்று கிடைக்கும்.

அரிசிப் பருப்பு சாதத்தை எடுத்துக்கொள்வோம். அரிசி 250 கிராம், 875 கலோரி. துவரம்பருப்பு 75 கிராம், 250. எண்ணெய் 30 கிராம், 270. சின்ன வெங்காயம் 100 கிராம், 55. தக்காளி 100 கிராம், 20. மொத்தம் 1,470. வெந்த சாதம் 1,150 கிராம் வந்தால் 100 கிராமுக்கு 128 கலோரி. தட்டில் 300 கிராம் போட்டால் 384. மேலே ஒரு ஸ்பூன் நெய் விட்டால் இன்னொரு 45.

ஆப்பில் ‘பரிமாறும் எண்ணிக்கை’ கேட்கும் இடத்தில் ஒரு சுருக்குவழி உண்டு. 4 பேர் என்று போடாமல், வெந்த எடையை 100-ஆல் வகுத்து 11.5 என்று போடுங்கள். அப்போது ஒரு பரிமாறல் என்பது 100 கிராம். நீங்கள் 300 கிராம் போட்டுக்கொண்டால் 3 என்று பதிந்தால் போதும். ‘4 பேர்’ என்று போட்டால் நால்வரும் சமமாகச் சாப்பிட்டதாகக் கணக்கு வரும், எந்த வீட்டிலும் அப்படி நடப்பதில்லை.

இட்லி மாவை வெந்த பிறகு அளப்பதைவிட மாவாகவே அளப்பது நல்லது. இட்லி அரிசி 800 கிராம், உளுந்து 200 கிராம் சேர்ந்து சுமார் 3,460 கலோரி. அரைத்த மாவு 2,400 கிராம் இருந்தால் 100 கிராமுக்கு 144. இட்லிக்கு ஒரு குழி 50 கிராம் என்றால் 72 கலோரி. தோசைக்கு 75 கிராம் மாவு, 108 கலோரி, அதோடு ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40. மாவு கெட்டியா தண்ணியா என்பதைப் பொறுத்து இந்த எண் வீட்டுக்கு வீடு மாறும். ஆப்பில் ‘தோசை 1’ என்று தேடி முதலில் வருவதைத் தட்டுவது ஏன் சரியில்லை என்பது இதிலேயே தெரியும்.

புதியவர்கள் இடறும் இடங்கள்:

பச்சை எடைக்கும் வெந்த எடைக்கும் குழம்புவது முதலாவது. 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். அரிசிக்கு 100 கிராமில் 350 கலோரி, சோற்றுக்கு 120 முதல் 130. அரிசியை எடை போட்டுவிட்டு ‘சோறு’ என்ற பதிவைத் தட்டினால் கணக்கு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

தேங்காயை மறப்பது இரண்டாவது. துருவிய தேங்காய் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி. பீன்ஸ் பொரியலில் 250 கிராம் பீன்ஸுக்கு 75 கலோரி, 30 கிராம் தேங்காய்க்கு 110, 10 கிராம் எண்ணெய்க்கு 90. காய்தான் அதில் மிகக் குறைவு.

மூன்றாவது, ஜவ்வரிசியை லேசான ஆகாரம் என்று நினைப்பது. நம் ஊர்ச் சரக்கு, விரத நாளில் உப்புமா கிண்டுவோம். ஆனால் காய்ந்த ஜவ்வரிசி 100 கிராமுக்கு சுமார் 350 கலோரி, அரிசிக்குச் சமம். புரதம் ஏறக்குறைய இல்லை, அதனால் வயிறு சீக்கிரம் காலியாகும்.

பதிவுகளை நம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 கலோரி. ஒரு பதிவில் காட்டும் மூன்றையும் இப்படிப் பெருக்கிக் கூட்டினால் அதன் கலோரி எண்ணுக்கு அருகில் வரவேண்டும். வராவிட்டால் யாரோ தப்பாக ஏற்றியது, விட்டுவிடுங்கள். அரிசி, பருப்பு, காய் போன்ற அடிப்படைப் பொருட்களுக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பாக்கெட் உணவென்றால் லேபிளில் இருப்பது 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பாருங்கள். சிலவற்றில் கிலோ ஜூல் கணக்கும் இருக்கும், அதை 4.184-ஆல் வகுத்தால்தான் கலோரி.

6. எண்ணெய்க் கணக்கைத் தனியாகப் பிடிப்பது

எடை குறையாதவர்களின் பதிவில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். தாளிப்புக்கு ‘கொஞ்சம்’ என்று பாட்டிலைச் சாய்ப்பதில் 15 மி.லி. தாராளமாகப் போகும், அது 120 கலோரி. மூன்று தாளிப்பென்றால் 360. அளவுக் கரண்டியை எண்ணெய்த் தூக்கிலேயே போட்டுவையுங்கள், சமைப்பது யாராக இருந்தாலும் கை தானாக அதை எடுக்கும்.

பொரிக்கும் நாளில், ஆறிய எண்ணெயோடு வடச்சட்டியைப் பொரிப்பதற்கு முன்பும், பொரித்து நன்றாக ஆறிய பின்பும் எடை போடுங்கள். குறைந்த எடைதான் பலகாரத்துக்குள் போன எண்ணெய். சொட்டியதும் சிந்தியதும் அதில் சேர்ந்துவிடும், பரவாயில்லை, கணக்குக் கொஞ்சம் கூடுவது நல்லதுதான்.

மாதத்துக்கு ஒருமுறை குறுக்குச் சோதனையும் செய்யுங்கள். எண்ணெய்ப் பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். 1 லிட்டர் பாக்கெட் என்பது 910 கிராம், சுமார் 8,190 கலோரி. நான்கு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் போனால் ஒருவருக்கு நாளைக்கு சுமார் 30 கிராம், 270 கலோரி. ஆப்பில் உங்கள் எண்ணெய் நாளைக்கு 10 கிராம்தான் என்று வந்தால், மீதி 180 கலோரி பதிவில் விழாமல் வயிற்றில் விழுந்திருக்கிறது. ஞாபகத்தைவிட மளிகைச் சீட்டு நம்பகமானது. போட்டோ எடுத்தால் கலோரி சொல்லும் வசதியை நான் நம்பச் சொல்லமாட்டேன், குழம்புக்குள் கலந்த எண்ணெய் கேமராவுக்குத் தெரியாது.

7. 14 நாள் எதையும் குறைக்காமல் பதிவது

வழக்கம்போலச் சாப்பிடுங்கள், எல்லாவற்றையும் பதியுங்கள். காலையில் எடை பாருங்கள். வேறெதுவும் வேண்டாம்.

இதற்கு இரண்டு காரணங்கள். பதியும் பழக்கமும் பசியும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டும் கெடும் என்பது ஒன்று. இந்த 14 நாளில் எடை ஏறாமல் இறங்காமல் இருந்தால், உங்கள் சராசரிக் கலோரிதான் உங்கள் உடம்பு தினமும் செலவழிக்கும் உண்மையான அளவு என்பது இரண்டாவது. எந்தச் சூத்திரமும் இவ்வளவு சரியாகச் சொல்லாது.

சாப்பிடும் முன்பே பதியுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால், உப்புப் பார்க்க வாயில் போட்டது, குழந்தை மிச்சம் வைத்த அரை இட்லி, பக்கத்து வீட்டுப் பலகாரம் எல்லாம் காணாமல் போகும். காபியைத் தனியாகக் கவனியுங்கள். பச்சை நிறப் பாக்கெட்டில் வரும் பால் 100 மி.லி.யில் சுமார் 73 கலோரி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40. நாளைக்கு நாலு டம்ளர் என்றால் 450, ஒரு வேளைச் சாப்பாடு.

இரும்பாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். ஆப் நள்ளிரவில் நாளை மாற்றிவிடும், ஒரே ஷிஃப்டின் சாப்பாடு இரண்டு நாளில் பிரிந்து நிற்கும். தூங்கி எழுந்ததிலிருந்து அடுத்த தூக்கம் வரை ஒரு நாள் என்று வைத்து, 12 மணிக்கு மேல் சாப்பிட்டதையும் முந்தைய தேதியிலேயே பதியுங்கள்.

8. இலக்கு எண்ணைக் கணக்கிடுவது

14 நாள் சராசரி கையில் இருந்தாலும், சூத்திரத்தோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். உடம்பு சும்மா இருந்தாலே ஒரு நாளைக்கு எத்தனை கலோரி செலவழிக்கும் என்று சொல்வது மிஃப்ளின் சூத்திரம்: எடை × 10, கூட்டல் செ.மீ. உயரம் × 6.25, கழித்தல் வயது × 5. ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். வருவதை உட்கார்ந்த வேலைக்கு 1.2-ஆலும், லேசான உழைப்புக்கு 1.375-ஆலும் பெருக்குங்கள்.

38 வயது, 158 செ.மீ., 72 கிலோ உள்ள பெண்ணுக்கு 720 + 987.5 − 190 − 161 = 1,356. லேசான உழைப்பென்றால் சுமார் 1,865. இதில் 300 முதல் 500 வரை கழிக்கலாம். 1,450 என்று வைத்தால் நாளைக்கு 415 குறைகிறது. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி என்பதால், வாரத்துக்கு 400 கிராம் அளவில் இறங்கும்.

‘வாரம் 1 கிலோ’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நாளைக்கு 1,100 கழிக்கவேண்டும். இந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது 765. அதில் யாரும் நிலைத்து நிற்க முடியாது, கொழுப்போடு தசையும் கரையும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1,200-க்கும் ஆண்கள் 1,500-க்கும் கீழே போகக் கூடாது. முதல் இலக்காக இப்போதைய எடையில் 5 சதவீதம் குறைப்பது போதும்.

14 நாள் சராசரி சூத்திரத்தைவிட 400, 500 குறைவாக வந்து, எடையும் இறங்கவில்லை என்றால், உங்கள் உடம்பு விசித்திரமானது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பதிவில் ஓட்டை இருக்கிறது. 6-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

9. தட்டில் எதைக் குறைப்பது

முதலில் எண்ணெய், சர்க்கரை, நொறுக்கு. பிறகு சோறு. கடைசிவரை தொடக்கூடாதது புரதம். எடை குறையும்போது தசை கரையாமலிருக்கவும், பசி அடங்கவும் அதுதான் காவல். உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் என்று தொடங்குங்கள், 72 கிலோவுக்கு 70 கிராம்.

நம் சாப்பாட்டில் இது தானாக வந்துவிடாது, திட்டமிட வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம். 30 கிராம் கொள்ளு அல்லது பச்சைப்பயறில் 6 முதல் 7. ஒரு டம்ளர் பாலில் 6. தோல் நீக்கிய கோழி 100 கிராமில் 21-க்கு மேல். மேட்டூர் அணை மீன் 100 கிராமில் 17-க்கு மேல். மீல்மேக்கர் காய்ந்தது 50 கிராமில் சுமார் 26. கொள்ளுப் பருப்பும் பயறு கடைசலும் நம் பக்கம் சாதாரணமாகச் சாப்பிடுவதுதான். சோற்றில் நாலு கரண்டி குறைத்து அவற்றை இரண்டு கரண்டி கூட்டினால் தட்டு நிறைந்தே இருக்கும்.

மாம்பழத்தை விடச் சொல்லும் பட்டியல்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சதை 100 கிராமுக்கு 60 கலோரிதான். பெரிய மல்கோவா ஒன்றில் 300 கிராம் சதை இருந்தால் 180. சீசனில் தினம் ஒன்று கணக்கில் தாராளமாக இடம்பெறும், சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாக இல்லாமல் மாலை நொறுக்குக்குப் பதிலாக வந்தால் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. கடையில் சாப்பிடும் நாள்

கடைத் தட்டை எடை போட முடியாது. அதற்காகப் பதியாமல் விடுவதுதான் பெரிய தவறு. தோராயமாகப் பதிந்து, மேலே 20 சதவீதம் கூட்டுங்கள். கடை எண்ணெய் வீட்டைவிட அதிகம்தான்.

தட்டுவடை செட்டுக்குக் கணக்கு இப்படி. தட்டுவடையை ஒரு பாக்கெட் வாங்கி, பத்தை எடை போட்டுப் பத்தால் வகுங்கள். பொரித்த அரிசிமாவு நொறுக்கு 100 கிராமுக்கு 500 கலோரி அளவில் இருக்கும். ஒன்று 6 கிராம் என்றால் 30 கலோரி. செட்டுக்கு இரண்டு, 60. நடுவில் கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி சேர்ந்து 10 அல்லது 15. ஆக ஐந்து செட் 350-க்கு மேல் போகும். இரண்டு செட்டோடு நிறுத்தினால் 150. நொறுக்கல் அப்படியில்லை. முறுக்கை உடைத்துப் போடுவதால் அளவு கண்ணுக்குத் தெரியாது, கைநிறைய எடுத்தால் 200 கலோரி போய்விடும்.

பரோட்டா ஒன்றுக்கு 300 என்று வையுங்கள். சால்னாவில் மிதக்கும் எண்ணெய்க்குத் தனியாக ஒரு மேஜைக்கரண்டி. “மாஸ்டர், எண்ணெய் கம்மியா போட்டு, முட்டை ரெண்டா ஊத்துங்க” என்று கேட்டால் செய்து தருவார்கள். இரண்டு பரோட்டாவை ஒன்றாக்கி முட்டையை ஒன்று கூட்டினால் 220-க்கு மேல் மிச்சம், புரதமும் கூடுகிறது.

கல்யாண விருந்து, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, தீபாவளி எல்லாம் வரும்தான். அன்றைக்குப் பட்டினி கிடந்து இரவில் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். ஆப்பில் வாரச் சராசரியைப் பாருங்கள். விருந்து நாளில் 700 கூடினால், மற்ற ஆறு நாளில் தலா 100-க்குச் சற்று மேல் குறைத்தால் சமமாகிவிடும்.

11. ஏற்காடு போகும் நாளும் நடைக் கணக்கும்

70 கிலோ உள்ளவர் சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 50 கலோரிதான் செலவாகும். மூக்கனேரிப் பக்கம் 4 கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தால் 200. வாட்ச் 400 என்று காட்டினால் நம்பிச் சாப்பிட்டுவிடாதீர்கள். மலைப்பாதையில் பைக்கில் போகும் குலுக்கலையே சில போன்கள் நடையாக எண்ணிவிடும்.

மேலே பட்டர் ஃப்ரூட் மலிவாகக் கிடைக்கும். சதை 100 கிராமுக்கு 150 முதல் 160 கலோரி, பழமாகச் சாப்பிட்டால் வயிறு நிறையும். அதையே 150 கிராம் சதை, ஒரு டம்ளர் பால், மூன்று மேஜைக்கரண்டி சர்க்கரை போட்டு ஜூஸாக அடித்தால் 550 தாண்டும். மிளகாய் பஜ்ஜி குளிருக்கு இதமாகத்தான் இருக்கும், ஒன்றுக்கு 100 என்று வைத்து இரண்டோடு எழுந்துவிடலாம். மலையில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது, ஆப்பில் தேட முடியாமல் போகும். போனில் போட்டோ எடுத்துவைத்து, இறங்கியதும் பதியுங்கள்.

நடை வேண்டாம் என்று சொல்லவில்லை. தசைக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் அது தேவை. சாப்பாட்டுக்கான பரிமாற்றமாக மட்டும் அதைக் கணக்கில் கொண்டுவர வேண்டாம்.

12. எடை பார்ப்பது

காலையில், கழிவறை போய்வந்த பிறகு, தண்ணீர் குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். தினமும் பார்த்து வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு வாரத்தில் 72.4, 71.9, 72.6, 72.1, 71.8, 72.3, 71.9 என்று வந்தால் சராசரி 72.1. மூன்றாம் நாள் 72.6 பார்த்துக் கலங்கியவர் காரணமில்லாமல் கலங்கியிருப்பார். முதல் நாள் இரவு ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், மலச்சிக்கலிலும் ஒரு கிலோ வரை ஏறலாம். பெண்கள் இந்த மாதவிடாய்ச் சுழற்சியின் 10-ஆம் நாளைப் போன சுழற்சியின் 10-ஆம் நாளோடு ஒப்பிடுவது சரியாக இருக்கும்.

முதல் வாரத்தில் ஒன்று, ஒன்றரை கிலோ விழுந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டாம் வாரம் வேகம் குறைவது இயல்பு. இடுப்பளவை மாதம் இருமுறை எடுங்கள்.

13. எடை நின்றுவிட்டால்

வாரச் சராசரி மூன்று நான்கு வாரம் அசையாமல் இருந்தால் மட்டுமே நின்றது என்று கொள்ளுங்கள். உடனே சாப்பாட்டைக் குறைக்காமல் இந்த வரிசையில் தேடுங்கள்.

எண்ணெய்ப் பாக்கெட் தேதி முதலில். அடுத்து சனி, ஞாயிறு. ஐந்து நாள் 1,450 சாப்பிட்டு, இரண்டு நாள் 2,300 போனால் சராசரி 1,693. மேலே சொன்ன பெண்ணுக்கு அப்போது நாளைக்கு 170 அளவுதான் குறைகிறது, வாரத்துக்கு 150 கிராம். ஒரு நாள் உப்பு அதை மறைத்துவிடும். மூன்றாவதாக, பழைய ரெசிப்பிகளைத் திரும்ப எடை போடுங்கள். சமைப்பவர் மாறியிருக்கலாம், மாவு கெட்டியாகியிருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால், உடம்பு இளைத்ததால் செலவு குறைந்திருக்கிறது. 5 கிலோ இறங்கினால் சூத்திரப்படி நாளைக்கு 70 கலோரி குறையும். இலக்கைத் திரும்பக் கணக்கிட்டு 100 குறையுங்கள், அல்லது நடையை 2 கிலோமீட்டர் கூட்டுங்கள். தலைசுற்றல், அதிக முடி உதிர்தல், மாதவிடாய் தள்ளிப்போதல் ஏற்பட்டால் குறைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

14. இலக்கு எடைக்கு வந்த பிறகு

ஒரே நாளில் பழைய அளவுக்குத் திரும்பாமல், வாரத்துக்கு 100 கலோரி வீதம் கூட்டுங்கள். எடைச் சராசரி நிலையாக நிற்கும் எண்ணில் நிறுத்துங்கள். கூட்டுவதைப் பருப்பிலும் பயறிலும் முட்டையிலும் தொடங்குங்கள், சர்க்கரையில் வேண்டாம்.

ஒரு மாதம் அப்படி நின்றால் தினப் பதிவை விட்டுவிடலாம். எண்ணெய்க்கு அளவுக் கரண்டி மட்டும் தூக்கிலேயே இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் காலையில் எடை பாருங்கள். சராசரி இலக்குக்கு மேல் 2 கிலோ தாண்டினால், ஆப்பைத் திறந்து இரண்டு வாரம் மறுபடி பதியுங்கள். ரெசிப்பிகள் எல்லாம் உள்ளேயே இருக்கும், புதிதாக ஏற்ற வேண்டியதில்லை.